அப்பாவுக்குச் சாட்சி சொன்ன குதிரை

எந்த ஊர் ரேஸ் கோர்ஸ் என்று எழுதப் போவதில்லை. அப்பாவின் விபத்து இழப்பீட்டுக் கேஸ் முடிந்து பணமும் கைக்கு வந்துவிட்டது, ஆனால் தம்பி இன்னும் விடிகாலை நாலரைக்கு அதே கேட் வழியாகத்தான் வேலைக்குப் போகிறான்.

அப்பா சைஸ், அதாவது பந்தயக் குதிரையை லாயத்தில் பராமரிக்கிறவர். 2022 மார்ச் 14-ம் தேதி காலை ட்ராக் வொர்க் என்கிற பயிற்சி ஓட்டம் முடிந்து வந்த குதிரையைக் கட்டும்போது அது மிரண்டு உதைத்தது. இடது முழங்கால் சில்லு மூன்று துண்டு. விபத்து அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் பேப்பர்.

முதல் அடி ஆஸ்பத்திரியிலேயே விழுந்தது. அப்பாவை ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது லாயத்து ஆட்களுக்கு மேஸ்திரியான ஜமேதார் மாமா. டூட்டி டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதும், "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். லாயத்தில் அடிபட்டது என்றால் போலீஸ், விசாரணை என்று லாயத்தை நடத்திக் குதிரைகளைப் பழக்கும் டிரெய்னருக்குத் தொந்தரவாம். அப்பா வலியில் முனகிக்கொண்டு இருந்திருக்கிறார், மறுத்துப் பேசவில்லை. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் அப்படியே ஏறிவிட்டது. இது எனக்குத் தெரிய வந்தது நாலு மாதம் கழித்து, ஏ.ஆர். காப்பி வாங்கியபோது. கவுன்ட்டரில் நின்று அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது லாயத்திலோ ட்ராக்கிலோ வேலை செய்தால் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் வாயைத் திறப்பது வீட்டு ஆளாக இருக்கட்டும். முதல் வாக்கியத்தில் 'வேலை', 'குதிரை' இரண்டு வார்த்தையும் வரவேண்டும்.

முதலில் போனது இ.எஸ்.ஐ. ஆபீஸுக்கு, தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. சங்கத்துத் தோழர் ஒருவர்தான் அனுப்பினார். "ரேஸ் கிளப்பும் இ.எஸ்.ஐ. சட்டத்துல 'கடை'தான், ஆளுங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2014-ல சொல்லிடுச்சும்மா, பெங்களூர் டர்ஃப் கிளப் கேஸ். தைரியமா போ" என்றார். லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். ஜன்னலில் இருந்தவர் தலையைத் தூக்காமல் "ஐ.பி. நம்பர்" என்றார், காப்பீட்டில் பதிந்த தொழிலாளிக்குத் தரும் எண். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு வந்தீங்க?" அவ்வளவுதான். பின்னால் நின்றவர் கை என் தோளைத் தாண்டி ஜன்னலுக்குள் போய்விட்டது.

தீர்ப்பு உண்மை. ஆனால் அது கிளப் தன் பெயரில் சம்பளம் கொடுக்கும் ஆட்களுக்குப் பயன்படுகிற தீர்ப்பு. டிக்கெட் கவுன்ட்டர், ஆபீஸ், தோட்டம் எல்லாம் அதில் வரும். அப்பாவுக்குச் சம்பளம் தந்தது டிரெய்னர். அவர் ஒருநாளும் அப்பா பெயரை எங்கேயும் பதிந்ததில்லை. பதிந்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது செல்போனில் கணக்குப் போட்டேன். சம்பளம் 13,000. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 422 ரூபாய் 50 காசு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 97 ரூபாய் 50 காசு. ஆக மொத்தம் மாதம் 520 ரூபாய். இது இருந்திருந்தால் படுத்திருந்த நாளுக்கெல்லாம் கூலியில் 90 சதவீதம் வந்திருக்கும். ஆபரேஷனுக்கு அம்மா நகை அடகுக்குப் போயிருக்காது.

இந்த 520 ரூபாயை யார் கட்டியிருக்க வேண்டும் என்று நான் கேட்காத ஆள் இல்லை. டிரெய்னர் சார் சொன்னார்: "குதிரை என்னோடது இல்லம்மா. ஓனர் மாசாமாசம் கொடுக்குற பணத்துல தீனி, லாடம், ஆள் கூலி எல்லாம் நான் பாக்கணும். இன்சூரன்ஸுக்கு அதுல எங்க இடம்?" ஓனரை ஒரே ஒருமுறை போனில் பிடித்தேன். "நான் டிரெய்னருக்கு முழுசா பில் கட்டிடறேன். அவர் யாரை வெச்சு வேலை வாங்கறார்னே எனக்குத் தெரியாது" என்றார். கிளப் ஆபீஸில் ரொம்ப மரியாதையாக உட்காரவைத்து, நாங்கள் டிரெய்னருக்கு லைசென்ஸும் இடமும் மட்டும்தான் தருகிறோம் என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் ஒருவிதத்தில் நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

ஜாக்கிகளுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஒரே நாளில் நாலு ஓனர் குதிரையில் ஏறுகிறவருக்கு முதலாளி யார்? ஆனால் ஜாக்கி விழுந்தால் ஊரே பார்க்கிறது. பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடுகிறது, வீடியோ இருக்கிறது. லாயத்துக்குள் அடிபட்டவனுக்கு சாட்சி குதிரைதான். இந்த வரியை எரிச்சலில் தோழரிடம் சொன்னேன். பிறகு அதுவே நிஜமானது, சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் அப்போது இருந்தது 1923-ம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் (2025 நவம்பரில் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு, விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டியிருந்தது. தோழர் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா அந்த டிரெய்னர்கிட்டதான் வேலை பார்த்தார்னு எதைக் காட்டுவ?"

நான் பெருமையாக எடுத்துக்கொண்டு போனது போட்டோ. ஜெயித்த குதிரையைப் பிடித்துக்கொண்டு எடுத்தது, எங்கள் வீட்டுக் கூடத்தில் பிரேம் போட்டு மாட்டியிருந்தது. ஓனர், ஓனர் மனைவி, டிரெய்னர், ஜாக்கி, நடுவில் குதிரை. வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல உங்கப்பா எங்கம்மா?" என்றார். ஓரத்தில், கடிவாளத்தைப் பிடித்திருக்கும் ஒரு கை. சட்டைக் கை மடிப்பு வரைக்கும். அதற்கு மேல் பிரேம் முடிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து அதை அப்பா போட்டோ என்றே பார்த்துப் பழகியதால் எனக்கு அது உறைத்ததே இல்லை.

கைகொடுத்தது கேட் பாஸ். அட்டை அல்ல, அட்டைக்காகக் கொடுத்த விண்ணப்பம். கிளப்பில் அந்த விண்ணப்பத்தில் 'வேலை அளிப்பவர்' என்ற கட்டத்தில் டிரெய்னர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், வருஷாவருஷம். மனு போட்டு வரவழைத்தபோது ஆறு வருஷ விண்ணப்பம் வந்தது.

சம்பளத்துக்கு வேறு அத்தாட்சி. டிரெய்னர் தரப்பில் 9,000 என்றார்கள். காலமெல்லாம் ரொக்கமாக வாங்கிய மனுஷனுக்கு ரசீது ஏது? கொரோனா ஊரடங்கில் கையில் தரமுடியாமல் ஏழு மாதம் அம்மா கணக்கில் போட்டிருந்தார்கள். பாஸ்புக்கில் வரிசையாக 13,000, 13,000. அந்தக் கொள்ளை நோயால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

மனு தாக்கல் செய்யும் இடத்தில் இருந்த எழுத்தர் மூன்றுமுறை திருப்பி அனுப்பினார். முதல்முறை பக்க எண் இல்லை. இரண்டாம்முறை எதிர்மனுதாரர் விலாசத்தில் பின்கோடு இல்லை. மூன்றாம்முறை அப்பா கைநாட்டுக்குப் பக்கத்தில் 'இடது பெருவிரல்' என்று எழுதவில்லை. இதை எல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ஒவ்வொண்ணாத்தானே கண்ணுல படுது" என்றார். நாலாம்முறை வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கால்மணி முன்னால் போனேன். அவர் பசியில் இருந்தார், சீல் விழுந்தது. இதையும் டிப்ஸாக எடுத்துக்கொள்ளலாம்.

வயசில் ஒரு கண்டம். ஆதாரில் அப்பா பிறந்தது 1967 ஜனவரி 1. யாரோ வாய்க்கு வந்ததைப் போட்டது. நிஜத்தில் 1971. விபத்து அன்றைக்கு ஆதார்படி 55 முடிந்திருந்தது, நிஜத்தில் 50தான். இழப்பீட்டுக் கணக்கில் வயசுக்கு ஏற்ப ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். 50 வயசுக்கு 153.09, 55-க்கு 135.56. எங்கள் கணக்கில் அந்த அஞ்சு வருஷத்தின் விலை 41,020 ரூபாய். அப்பா மூணாங்கிளாஸ் வரை படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேடு அரைநாளில் கிடைத்தது. தலைமையாசிரியை டீ வேறு வாங்கித் தந்தார்.

டாக்டர் சர்டிபிகேட்டுக்கு இரண்டு நடை வீண். முதலில் 'உடல் ஊனம் 20 சதவீதம்' என்று மட்டும் எழுதிக்கொடுத்தார்கள். இந்தச் சட்டத்துக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. முழங்கால் மடங்காத ஆள் கல்லாவில் உட்காரலாம். குந்தி உட்கார்ந்து குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக் குளம்பு சுத்தம் செய்ய முடியுமா? விசாரணையில் வக்கீலம்மா இதையே டாக்டரிடம் கேட்டார். முடியாது, இந்த வேலைக்கு 30 சதவீதம் இழப்பு என்று டாக்டர் கூண்டில் ஒப்புக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சைஸ் வேலை இந்தச் சட்டத்திலேயே வராது என்று ஆரம்பித்தார். வக்கீலம்மா இரண்டாம் அட்டவணையைத் திறந்து வாசித்தார். குதிரை, கோவேறு கழுதை, காளை போன்ற விலங்குகளைக் கையாளும் வேலை, அப்படியே அச்சில் இருக்கிறது. விஷம் எடுக்கப் பாம்பைக் கையாளுகிறவர்கள்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஏ.ஆர். காப்பி. 'வீட்டில் வழுக்கி.' ஜமேதார் மாமா சாட்சி சொல்ல வரமாட்டேன் என்றார். அவருக்கும் அங்கே பிழைப்பு, கோபப்பட்டுப் பயனில்லை. கூட வேலை செய்தவர்கள் போனை எடுக்கவில்லை. டிரெய்னர் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அன்னிக்கு அதுக்கும் ரத்தம் வந்துச்சு பாவம்" என்றார். எதற்கு என்றேன். குதிரைக்கு. இவரை உதைத்த வேகத்தில் கால் கதவு இரும்பிலும் பட்டுக் கிழிந்துவிட்டதாம். வெட்னரி டாக்டரைக் கூப்பிட ஒருத்தன் ஓடினானாம், அது இவருக்கு நினைவிருக்கிறது. இரண்டு வருஷமாக அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏம்ப்பா சொல்லல என்றால், "குதிரைக்கு அடிபட்டதை யாரு கேட்டாங்க?" என்கிறார்.

மறுநாளே மனு. குதிரை ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டை வரவழைத்தோம். மார்ச் 14, காலை 6.40. வலது பின்னங்கால், குளம்புக்கு மேல் வெட்டுக் காயம், நாலு தையல், டெட்டனஸ் ஊசி. கீழே அந்த டாக்டர் தன் போக்கில் எழுதியிருந்தார்: உதைத்ததில் சைஸுக்கு முழங்காலில் காயம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். துணை ஆணையர் அதை இரண்டுமுறை படித்தார். பிறகு டிரெய்னரின் வக்கீலைப் பார்த்து, "குதிரையும் இவங்க வீட்லதான் வழுக்கி விழுந்துச்சா சார்?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

உத்தரவு 2024 ஆகஸ்டில். டிரெய்னர்தான் முதலாளி, அவர்தான் கட்டவேண்டும். சம்பளத்தில் 60 சதவீதம் 7,800. அதை 153.09-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம்: 3,58,230 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகிலிருந்து 12 சதவீதம் வட்டி. மருத்துவச் செலவும் இந்தச் சட்டத்தில் தரவேண்டும். ஆனால் நாங்கள் செலவழித்த 61,000-த்தில் 38,400 மட்டுமே கிடைத்தது. மற்ற மெடிக்கல் ஷாப் பில்லெல்லாம் பளபளப்புத் தாளில் அடித்தது. பீரோவில் வைத்து எடுத்தபோது வெறும் வெள்ளைத்தாள். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் போடுங்கள், தயவுசெய்து. எல்லாம் சேர்த்து 5,04,099 ரூபாய் அக்டோபரில் டெபாசிட் ஆனது.

டிரெய்னர் மேல் எனக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் அவர் ஒருவர் தலையில் கட்டுவது சரி என்றும் தோன்றவில்லை. எட்டுக் குதிரை வைத்திருக்கும் சின்ன டிரெய்னர் ஒரு விபத்தில் கடையைக் கட்டவேண்டியதுதான். நியூயார்க்கில் 1990-லிருந்து ஓனர்களும் டிரெய்னர்களும் சேர்ந்து பணம் போடும் பொது நிதியிலிருந்து ஜாக்கிகளுக்கும் பயிற்சிக்குக் குதிரை ஏறுகிறவர்களுக்கும் இன்சூரன்ஸ் போகிறது. இங்கே பந்தயம் கட்டும் நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரிலிருந்து 40. பந்தயத்தில் புரளும் பணத்திலிருந்து அரசாங்கத்துக்கு எடுக்கத் தெரிகிறது. கிளப்பே அந்தப் பணத்திலிருந்து ஒரு துளியை எடுத்து, கேட் பாஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பிரீமியம் கட்டினால் யார் முதலாளி என்ற கேள்வியே எழாது. பாஸ் கொடுப்பது அவர்கள்தானே. பட்டியலும் அவர்களிடம்தான் இருக்கிறது.

நகையை மீட்டாயிற்று. அப்பா இப்போது தெருமுனைக் கடையில் கல்லாவில் உட்காருகிறார்.

போன வாரம் தம்பியின் கேட் பாஸ் புதுப்பிக்க வந்தது. விண்ணப்பத்தை முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுத்து வைத்தேன். 'வேலை அளிப்பவர்' கட்டத்தில் பெயர் இருக்கிறது, கையெழுத்து இல்லை. நாளைக்கு ட்ராக் வொர்க் முடிந்ததும் முதல் வேலையாக அதை வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.