ரைஸ்மில்லில் ஒரு போலி எஸ்விசிஹோஸ்ட்

போன மாசி கடைசியில் அம்பாசமுத்திரம் போயிருந்தேன். தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் ரைஸ்மில். பிசான நெல் வந்து இறங்குகிற நேரம், வாசலில் லாரிகள். ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டர், எடைமேடை அறையில் ஒன்று.

"கணக்குப் பாக்குற அக்கா சிஸ்டம் மட்டும் உறுமிக்கிட்டே கெடக்கும்மா. தூசி தட்டியாச்சு, ஃபேனும் மாத்தியாச்சு. எதுக்குன்னே தெரியல" என்றார் அண்ணாச்சி. ஆன்டிவைரஸ் எதையும் காட்டவில்லை. அக்கா சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உட்கார வைத்தது: ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் உறுமல் நின்றுவிடுகிறதாம், மூடினால் திரும்ப ஆரம்பிக்கிறதாம்.

நாம் பார்க்கும்போது ஒளிந்துகொள்கிற ஒன்றை, நாம் பார்க்காதபோது எழுதி வைக்கிற ஏதோ ஒன்றால்தான் பிடிக்க முடியும். அதனால் அந்த ஒரு மெஷினோடு நிறுத்தாமல், எட்டிலும் கண்காணிப்பு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று சிஸ்மான். மார்க் ருசினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 2014-இல் வந்த இலவசக் கருவி. எந்த புரோசஸ், அதாவது ஓடுகிற புரோகிராம், தொடங்கினாலும் அது இருக்கும் முழுப் பாதை, தொடங்கிவைத்த கட்டளை வரியான கமாண்ட் லைன், எந்த யூசர், அதைத் தொடங்கிவைத்த பேரன்ட் எது என்று விண்டோஸ் ஈவென்ட் லாகில் எழுதிவிடும். இன்னொன்று வாஸு. அந்தப் பதிவுகளை எல்லா மெஷினிலிருந்தும் ஓரிடத்தில் சேர்த்து, விதிகளோடு ஒப்பிட்டு எச்சரிக்கும். மில்லில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்புக்கு 8 ஜிபி ராம் போட்டு, உபுண்டு லினக்ஸ் ஏற்றி, அதையே வாஸு சர்வர் ஆக்கினேன். இருபத்தைந்து மெஷின் வரைக்கும் அது போதும். ஒவ்வொரு மெஷினிலும் போடுகிற வாஸுவின் சின்ன புரோகிராம்தான் ஏஜென்ட்; அது சர்வரில் பதிவு செய்துகொள்ள 1515, தகவல் அனுப்ப 1514 என்று நெட்வொர்க் வாசல்களான இரண்டு போர்ட்டைத் திறந்துவிட்டதோடு சர்வர் வேலை முடிந்தது.

அப்புறம்தான் சிக்கல். எட்டு மெஷினிலும் சிஸ்மான் போட்டாயிற்று, ஏஜென்ட் போட்டாயிற்று, டாஷ்போர்டில் எட்டும் பச்சை. ஆனால் ஒரு புரோசஸ்கூடத் தெரியவில்லை. ஒரு பகல் முழுக்க அதில் போனது. காரணம் இரண்டு. சிஸ்மான் எழுதுவது தனிச் சேனலில். அதைப் படி என்று ஏஜென்ட்டுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சர்வரில் எல்லா ஏஜென்ட்டுக்கும் பொதுவான குரூப் கான்ஃபிக்கில் ஒரே தடவை எழுதினால் எட்டுக்கும் போய்விடும், நான் அதைச் செய்யவில்லை. இரண்டாவது, புரோசஸ் தொடங்கியது என்கிற ஈவென்ட் 1-க்கு வாஸு தரும் லெவல், அதாவது ஆபத்து அளவு, பூஜ்யம். சாதாரண விஷயம் என்று அதை டாஷ்போர்டுக்கே விடாது. எது சாதாரணம் இல்லை என்பதை நாம்தான் விதியாக எழுத வேண்டும்.

நான் எழுதிய முதல் விதி இது: எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் எது தொடங்கினாலும், அது சிஸ்டம்32 அல்லது சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இல்லையென்றால் லெவல் 12, பெரிய எச்சரிக்கை. எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸ் தன் பின்னணிச் சேவைகளை ஓட்டுகிற சொந்த புரோகிராம். எப்போதும் ஏகப்பட்டது ஓடும், அதனால் ஒளிந்துகொள்ள அந்தப் பெயரைத்தான் நிறையப் பேர் எடுப்பார்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஓடுகிற இடத்தையும் பேரன்ட்டையும் அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது.

மறுநாள் முதல் எச்சரிக்கை, அக்காவின் மெஷினிலிருந்து. நேரம் 04:12. "வெள்ளன நாலு மணிக்கு ஆபீஸ்ல யாரும்மா?" என்று அண்ணாச்சி பதறிப்போனார். சிஸ்மான் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம்முடையது ஐந்தரை மணி நேரம் முன்னால். 9:42, அக்கா வந்து உட்கார்ந்த நேரம் என்று விளக்கியபிறகுதான் அமர்ந்தார்.

பாதை, சிஸ்டம்32 இல்லை, யூசரின் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் ஃபோல்டர். கமாண்ட் லைனில், கிரிப்டோ தோண்டும் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் முறையான ஸ்ட்ராட்டம் என்ற சொல், கடைசியில் 3333 என்ற போர்ட் எண். யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த மெஷின், மில்லின் கரன்ட்டில். அங்கேயே ஈவென்ட் வியூவரைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜர் தொடங்கியதும் அடுத்த வரியில் ஈவென்ட் 5, போலி நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஈவென்ட் 1, போலி தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் பேரன்ட் ஒன்றேதான்: தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஒன்றின் அப்டேட்டர். யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொடுத்த கிராக் காப்பி.

அக்காவின் முகம் வாடிவிட்டது. அவர் மேல் தப்பே இல்லை. பில்லில் தமிழ் வர வேண்டும், கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார். லேன் வயரைப் பிடுங்கி, கணக்கு ஃபைல்களை மட்டும் எடுத்துவைத்து, ஃபார்மட் செய்தேன். விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக்கொடுத்தேன். அக்கா டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தவர், அந்த விசை வரிசை வேறு என்பதால் விரல் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

"எல்லாத்தையும் பாக்குதே, நம்ம கணக்கையும் பாக்குமோ?" என்று அண்ணாச்சி கேட்டார். பார்க்காது. எந்த புரோகிராம் எப்போது திறந்தது போன்ற விவரங்கள்தான் போகும், ஃபைலுக்குள் இருப்பது போகாது. ஆனால் கமாண்ட் லைனில் பாஸ்வேர்டை அடித்தால் அதுவும் பதிவாகும், அதைச் செய்யக்கூடாது. இவ்வளவையும் ஒரு தாளில் தமிழில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொன்னேன். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் இதை ஓட விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

மிச்சம் எடைமேடை மெஷின். அதில் விண்டோஸ் 7, இப்போதைய சிஸ்மான் ஓடாது. அதற்குப் பதில், புரோசஸ் தொடங்குவதைப் பதியும் விண்டோஸின் சொந்த 4688 ஈவென்ட்டை ஆடிட் பாலிசியில் திறந்துவிட வேண்டும், கமாண்ட் லைனும் பதிய ஒரு அப்டேட் தனியாகப் போட வேண்டும். லாரி வரத்து இருக்கும்வரை அந்த மெஷினை யாரும் தொடக்கூடாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வரத்து குறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை பாசஞ்சரில் போக வேண்டும்.