மெட்-பீட்ஸ் கடைசி ஆண்டு: மரபியலை நோக்கிச் சில குறிப்புகள்

2024 ஆகஸ்ட் 12

பொது மருத்துவத்தையும் குழந்தை மருத்துவத்தையும் சேர்த்துப் பயிலும் நான்காண்டு மெட்-பீட்ஸ் பயிற்சியின் கடைசி ஆண்டு இது. உடன் பயில்பவர்கள் இதயவியலுக்கும் தீவிர சிகிச்சைக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருக்க, நான் மேலும் இரண்டாண்டுகள் மருத்துவ மரபியல் பயில முடிவு செய்திருக்கிறேன். இரண்டு துறைகளில் சான்றிதழ் பெறப்போகிறவருக்கு மூன்றாவது எதற்கு என்று அப்பா தொலைபேசியில் கேட்டார். அவருக்குரிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 29

இன்று வளர்சிதைமாற்ற நோய்ப் பிரிவுக்கு முப்பதை நெருங்கும் பெண் ஒருவர் வந்திருந்தார். பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்துளியில், புரத உணவிலுள்ள பினைலலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரிவரச் சிதைக்க முடியாத பரம்பரை நோயான பினைல்கீட்டோனூரியா கண்டறியப்பட்டவர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி உருவாக்கிய அந்தச் சோதனையின் வழிவந்த பரிசோதனையும், புரதம் குறைந்த உணவும்தான் அவருடைய மூளையைக் காத்தன. கல்லூரிக்குப் போன வயதில் குழந்தைகள் பிரிவு அவரை அனுப்பிவைத்தது. இந்த நோயை அறிந்த பெரியவர்களுக்கான மருத்துவர் எவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. பத்தியமும் கைநழுவிப் போயிற்று.

இப்போது குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறார். தாயின் இரத்தத்தில் பினைலலனின் மிகுந்திருந்தால், கருவுக்கு அந்த நோயே இல்லாவிட்டாலும் தலை சிறுத்துப் போகலாம், இதயத்தில் குறைபாடு நேரலாம். ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பே அதன் அளவை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் கொண்டுவந்து, கர்ப்பகாலம் முழுவதும் அப்படியே காக்க வேண்டும். உணவியல் நிபுணர் சிறு தராசில் உருளைக்கிழங்கைக் கிராம் கணக்கில் நிறுத்துக் காட்டினார். சிறுவயதில் குடித்த அதே புரதக் கலவையை அந்தப் பெண் முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, விரல்நுனி இரத்தத்தை வடிதாள் அட்டையில் ஒற்றித் தபாலில் அனுப்பவும் ஒப்புக்கொண்டார். குழந்தை மருத்துவம் காப்பாற்றியவரைப் பொது மருத்துவம் ஏற்றுக்கொள்ளாமல் விட்ட அந்த இடைவெளியில்தான் நான் பணிசெய்ய விரும்புகிறேன்.

செப்டம்பர் 17

1957இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவ மரபியல் பிரிவைத் தொடங்கிய விக்டர் மெக்கூசிக் அடிப்படையில் பொது மருத்துவர். இணைப்புத்திசுவைப் பாதிக்கும் மரபுவழி நோயான மார்பன் நோய் உள்ளவர்களின் இதயத்தைக் கவனிக்கப்போய் மரபியலுக்கு வந்தவர். அதே நிறுவனத்தில் குழந்தை மருத்துவராக இருந்து மரபியலை வளர்த்தவர் பார்ட்டன் சைல்ட்ஸ். இந்தத் துறை இரு வாசல்களிலிருந்தும் பிறந்தது என்பது எனக்குப் பெரிய தெம்பைத் தருகிறது. ஆனாலும் மரபியல் என்றால் குழந்தைகளுக்கானது என்ற எண்ணமே இன்னும் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் டவுன் நோய்க்குறியோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 1983இல் ஏறத்தாழ 25 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 60ஐ எட்டியிருக்கிறது. வயதாகும்போது அவர்களுக்கு வரும் அல்சைமர் என்ற மறதிநோயைப் பார்ப்பது யார்?

அக்டோபர் 8

வளர்ச்சி தாமதித்த சிறுவனுக்குச் செய்த எக்ஸோம் பரிசோதனையில் (மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளைப் படிக்கும் சோதனை), தேடாத ஒன்றாக, மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 மரபணுவில் நோய் தரும் மாற்றம் தெரியவந்தது. அது தாயிடமிருந்து வந்தது. சிறுவனுக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. தாய்க்கோ மார்பக எம்ஆர்ஐயிலிருந்து சூலகத்தை அகற்றுவது வரை பேச வேண்டியிருந்தது. தன் காப்பீடு என்னவாகும் என்று அவர் முதலில் கேட்டார். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும்தான் பாதுகாப்புத் தருகிறது, ஆயுள் காப்பீட்டுக்கு இல்லை என்பதை முடிவுகள் வந்த பிறகு சொல்லும்படி ஆயிற்று. பரிசோதனைக்கு ஒப்புதல் வாங்கும்போதே இதை விளக்கியாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மகனையும் தாயையும் ஒரே அறையில், ஒரே மருத்துவராகப் பார்க்க முடிந்ததற்கு நான் பெற்ற இரட்டைப் பயிற்சியே காரணம்.

அக்டோபர் 21

விண்ணப்பித்த இடங்களுக்கெல்லாம் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தேன்: பெரியவர்களுக்கான மரபியல் புறநோயாளர் பிரிவு உங்களிடம் வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது? பெயர் பெற்ற ஓரிடத்திலிருந்து வாரத்தில் ஒரு பிற்பகல் என்று பதில் வந்தது. அதைவிடச் சிறிய ஓரிடத்தில் நான்கு நாட்கள் நடக்கிறதாம். என் பட்டியலில் அதைத்தான் முதலில் வைக்கிறேன். அப்பாவிடமும் இன்றிரவு சொல்லிவிட்டேன்.