குலசைக் காளியோடு ஒரு கருப்பட்டிக் காபி

திருச்செந்தூர்ப் பேருந்து நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்த அனுமார், உடன்குடிக்கு ஒரு டிக்கெட் வாங்கி, நடத்துநர் கொடுத்த மீதிச் சில்லறையை இருமுறை எண்ணிப் பார்த்து, வாலைக் கட்டியிருந்த கச்சையின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஏறிய குறத்தி, மீசையை மழித்த தடம் பவுடரை மீறித் தெரிய, இருக்கை கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த நான் ஒருவன்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று 2024 அக்டோபர் 12, சனிக்கிழமை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவின் பத்தாம் நாள்.

குலசை என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கடலோர ஊர், திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கருவறையில் முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். அம்மை நோயின் முத்துகளை ஆற்றுகிறவள் என்பதால் முத்தாற்று அம்மன், அதுவே முத்தாரம்மன் ஆயிற்று என்று ஊரார் சொல்கிறார்கள். நவராத்திரி எங்கும் உண்டு. குலசையின் தனித்தன்மை வேடம். நேர்ந்துகொண்டவர்கள் மாலை அணிந்து, அவரவர் வேண்டுதலுக்கேற்ப நாட்கணக்கு வைத்து விரதமிருக்கிறார்கள். முதல் நாள் கொடி ஏறியதும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, அதன்பின் வேடம் பூணுகிறார்கள். காளி, இராமன், அரசன், குறவன், குறத்தி, கரடி, குரங்கு, பிச்சைக்காரன் என்று எதுவாகவும் ஆகலாம். ஆனால் எந்த வேடமானாலும், அரசனே ஆனாலும், தட்டேந்தி வீடு வீடாகவும் கடை கடையாகவும் காணிக்கை கேட்டே தீரவேண்டும். சேர்ந்த பணம் முழுவதும் பத்தாம் நாள் கோயில் உண்டியலுக்குப் போகிறது.

இதை முன்பே கேள்விப்பட்டிருந்ததால், உடன்குடியில் இறங்கியவுடன் ஒரு பலசரக்குக் கடையில் ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், எனக்காகவே கட்டி வைத்திருந்தவர்போல் நாணயப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். குலசைக்குள் வண்டிகள் போக முடியாத நெரிசல் என்பதால், மீதிச் சில கிலோமீட்டரை நடந்து கடப்பது என்று முடிவாயிற்று. அந்த நடையில்தான் எனக்கு ஒரு சங்கடம் விளங்கியது. நகரத்தில் கை நீட்டுகிறவரைப் பார்த்தால் நம் கண் தானாகவே விலகிக்கொள்ளும். அது நெடுநாள் பழக்கம். இங்கே தட்டை நீட்டுகிறவர் உள்ளூரில் கடை வைத்திருப்பவராகவோ, அரசு ஊழியராகவோ, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவராகவோ இருக்கலாம். விலகவும் முடியாமல், நேருக்கு நேர் பார்க்கவும் முடியாமல், முதல் பத்துப் பேருக்கு நான் காசு போட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை.

பாதி வழியில் ஒரு தேநீர்க் கடையில் காளி ஒருவர் அமர்ந்திருந்தார். காளி வேடம் மற்ற வேடங்களைப் போன்றதன்று. அதற்குரிய விரதம் கடுமையானது, சுமையும் பெரிது. சடைமுடியும் கிரீடமும் நெற்றிப்பட்டையும், கண் வடிவில் செய்த கண்மலரும், கோரைப்பல்லாக மாட்டும் வீரப்பல்லும் சேர்ந்து, நடக்கும்போது கழுத்தை ஒரு பக்கமும் திருப்ப விடுவதில்லை. அவர் கிரீடத்தைக் கழற்றி, ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்திருந்தார். பிறகு கீழ்த்தாடையில் கோத்திருந்த வீரப்பல்லை இரண்டு விரல்களால் மெல்ல விடுவித்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, பால் விடாத கருப்பட்டிக் காபியை ஊதி ஊதிக் குடித்தார். முகத்தில் பூசிய சிவப்பு, உதடு பட்ட இடத்தில் மட்டும் டம்ளர் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. “என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க? காளிக்கும் தொண்டை காயும்லா,” என்றார். திருப்பூரில் பனியன் நிறுவனமொன்றில் தையல் வேலை செய்கிறாராம். குழந்தை பிறந்ததற்கு ஏழாண்டு நேர்த்தி, இது நான்காம் ஆண்டு. முதன்முறை தட்டை நீட்டியபோது கை நடுங்கியதாகவும், சொந்தத் தெருவில் கேட்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்றும் சொன்னார். “நம்ம கர்வம் எவ்வளவுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.” நான் காசை எடுத்தேன். அவர் அவசரமாக வீரப்பல்லை மாட்டி, கிரீடத்தையும் வைத்துக்கொண்ட பிறகே தட்டை எடுத்து நீட்டினார்.

அந்தக் காபியைப் பற்றியும் சொல்லவேண்டும். உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு வெகு காலம் முன்பே தென்மாவட்டங்களில் அந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் கருப்பட்டி விற்க முடியாது. பனையின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டினால், இறங்குகிற சாறு புளித்துக் கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது. அதைக் காய்ச்சி, கூப்பனி என்கிற பாகுப் பதம் தாண்டியதும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். சீனி கலந்த கருப்பட்டி இப்போது சந்தையில் ஏராளம். நாக்கில் வைத்தவுடன் இனிப்பு முந்திக்கொண்டு வந்தால் சந்தேகப்படலாம் என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். நல்ல கருப்பட்டியில் மெல்லிய உவர்ப்பும் புகைவாடையும் பின்னால் வந்து சேரும். சுக்கும் மிளகும் சேர்த்த சில்லுக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன். ஊர் சேர்வதற்குள் அரைக் கிலோ குறைந்துவிட்டது.

தட்டு என்றதும், இரண்டு நாள் முன்னதாகக் காயல்பட்டினத்தில் நான் உட்கார்ந்த இன்னொரு தட்டு நினைவுக்கு வருகிறது. திருச்செந்தூருக்கு வடக்கே உள்ள அந்தப் பழைய முஸ்லிம் ஊரில், கல்லூரிக்கால நண்பன் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தேன். மணமகன் மணமகள் வீட்டில் வாழ வருவதே அங்கே வழக்கம். வீடுகளுக்கிடையே பெண்கள் நடமாடுவதற்கென்றே குறுகலான முடுக்குகள் ஓடுகின்றன. விருந்தைக் களறிச் சாப்பாடு என்கிறார்கள். ‘சகன்’ எனப்படும் அகன்ற தட்டில் நெய்ச்சோறும், நடுவில் களறிக் கறியும், பக்கத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்ந்த கூட்டும் வந்தன. என் சகனில் மூன்று பேர் அமர்ந்தோம். மற்ற இருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எச்சில் பற்றிய பாடங்களோடு வளர்ந்தவனுக்கு முதல் கவளம் எளிதாக இறங்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. எதிரே இருந்த பெரியவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். நல்ல எலும்புத் துண்டொன்றை ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்தினார். “எடுத்துக்கோங்க காக்கா, ஆறிடும்,” என்றான் இன்னொருவன். காக்கா என்றால் அங்கே அண்ணன். மாங்காயின் புளிப்பு அந்தக் கறியின் கொழுப்பை வெட்டுகிற பக்குவத்தை நான் வேறெங்கும் சுவைத்ததில்லை. அதற்குப் பின் யார் பக்கம் எது என்ற கணக்கு மறந்துபோயிற்று.

குலசைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒவ்வொரு ஊரின் தசராக் குழுவும் மேளமும் தப்பட்டையுமாக வந்து கோயிலை நெருங்க, “ஓம் காளி, ஜெய் காளி” என்ற ஒலி அலையோசையையும் விழுங்கியது. இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. சில குழுக்கள் வாடகைக்குக் கொண்டுவந்த ஒலிபெருக்கிகளில் திரைப்பாடல்களை அலறவிட, பக்கத்தில் ஒற்றைத் தப்பட்டையோடு ஆடிவந்த வயதான கரடி வேடக்காரர் தாளம் தவறித் தவித்ததைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

நள்ளிரவில் சிதம்பரேஸ்வரர் கோயிலை அடுத்த கடற்கரையில் சூரசம்ஹாரம் தொடங்கியது. சிம்ம வாகனத்தில் அம்மன் வர, மகிஷாசூரன் முதலில் தன் முகத்தோடும், பிறகு சிங்கமாகவும் எருமையாகவும் தலை மாற்றிக்கொண்டு எதிர்த்து நின்றான். நான் நின்ற இடத்திலிருந்து அம்மனின் குடையும் சூரனின் தலை ஆடுவதும்தான் தெரிந்தன. சூலம் பாய்ந்தது எனக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் கை குவித்து உயர்த்தியதிலிருந்து தெரிந்துகொண்டேன். என் அருகில் ஒரு காளி, தன்னைப் போலவே அலங்கரித்த தெய்வத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். கண்மலருக்குக் கீழே வழிந்த நீர் சிவப்பைக் கரைத்து மார்பில் இறங்கியது.

மறுநாள் காலை, வேடமிட்டு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பிக்கொண்டிருக்க, நான் இன்னும் தெற்கே மணப்பாட்டுக்குப் போனேன். கடலுக்குள் நீண்ட மணல்குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயமும், அதன் சரிவில் 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும் இருக்கின்றன. செப்டம்பர் 14-இல் முடிந்த திருவிழாவின் தோரணக் கயிறுகள் சில இன்னும் அவிழ்க்கப்படாமல் காற்றில் ஆடின. வந்ததற்கு முக்கியக் காரணம், உண்மையைச் சொன்னால், கடலிலிருந்து நேராக அடுப்புக்கு வரும் சாளை மீன்தான். ஆனால் வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் தங்குமிடம் விசாரித்த வீட்டின் அம்மா, பூசை முடிந்து வந்தவர், கருவாட்டுக் குழம்பும் சோறும்தான் இருக்கிறது என்று தயங்கியபடி சொல்லிப் போட்டார். தேங்காய் அரைத்து, புளி தூக்கலாக விட்ட குழம்பு. மீன் கிடைக்காத குறை இரண்டாவது முறை சோறு வாங்கும்போது நினைவிலேயே இல்லை. குலசைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றதும், “எங்க தெருவுக்கும் ஒம்பது நாளா வந்தாவ. காளி வந்தா வெறுங்கையா அனுப்புவமா?” என்றார். பணம் கொடுக்க முயன்றபோது கையைத் தட்டிவிட்டார்.

மாலையில் திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறி, நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். சில்லறையாகக் கொடுங்கள் என்றார் நடத்துநர். பைகளை எல்லாம் துழாவிப் பார்த்தேன். உடன்குடியில் மாற்றிய ஐநூறு ரூபாயில் ஒரு நாணயம்கூட மிஞ்சியிருக்கவில்லை.