பூட்டிய வீடு சாமான் வாங்காது

முதுகலைப் புவியியல் ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, காரைக்குடி வட்டாரத்தில் எந்தக் கடைத்தெரு வளரும், எது தேயும் என்பது. இதே வழியில் வரப்போகிறவர்கள் பெரும்பாலும் சமன்பாட்டைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். என்னைக் கவிழ்த்தது வீடுகளை எண்ணிய கணக்கு.

சமன்பாடு எளிது. 1931இல் வில்லியம் ரெய்லி, இரண்டு ஊர்களுக்கு நடுவே வாடிக்கையாளர் பிரிவதை ஈர்ப்பு விதியைப் போல விளக்கினார். 1960களில் டேவிட் ஹஃப் அதை நிகழ்தகவாக்கினார்: பெரிய கடை இழுக்கும், தூரம் தடுக்கும். 1978இல் பிரிட்டன் ஹாரிஸும் ஆலன் வில்சனும் அதில் காலத்தைச் சேர்த்தார்கள். வருவாய் செலவை மிஞ்சினால் கடைப்பரப்பு கூடும்; மிஞ்சாவிட்டால் சுருங்கும். வாய்மொழித் தேர்வில் இந்த வரிசையை நிச்சயம் கேட்பார்கள்.

பரப்பை நேரில்தான் அளக்க வேண்டும். நான் டேப்பை விரித்ததுமே ஒரு பாத்திரக் கடைக்காரர், "தம்பி, வரி கூட்டவா வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதன்பிறகு டேப் பையை விட்டு வெளியே வரவில்லை. முகப்பைக் காலடியால் அளந்தேன். உள்நீளத்துக்குத் தரையில் பதித்த கற்களை எண்ணினேன். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்த் தூரக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இனி என் பிழை. எந்த ஊரில் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் சமன்பாட்டுக்குத் தர வேண்டும். அதற்காகக் காரைக்குடிக்கு அருகே உள்ள கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கதவுகளை எண்ணி, வீட்டுக்கு நான்கு பேர் என்று பெருக்கினேன். கணினி கானாடுகாத்தானில் பெரிய கடைவீதியே எழுப்பிவிட்டது. வழிகாட்டி ஆசிரியை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு கதவையாவது தட்டினாயா?" என்றார். மறுநாள் தட்டினேன். திறந்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. "ஆச்சியும் ஐயாவும் கல்யாணம், திருவிழா என்றால்தான் வருவார்கள். எனக்கு ஒருத்திக்குக் கால் லிட்டர் பால் போதும்" என்றார். போதாக்குறைக்கு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடந்த அந்த வீட்டை நான் இரண்டு வீடாக எண்ணியிருந்தேன்! கொடியில் துணி காய்கிறதா என்று பார்த்துப் பார்த்து மறுபடி எண்ண மூன்று வாரம் ஆயிற்று. உங்கள் கால அட்டவணையில் இதற்கு இடம் விடுங்கள்.

அடுத்தது, சமன்பாட்டில் நாம் தர வேண்டிய இரண்டு எண்கள்: ஆல்ஃபா, பீட்டா. ஆல்ஃபா கடையின் அளவுக்குத் தரும் எடை. பீட்டா தூரத்தின் சுமை. ஆல்ஃபாவை 0.9இலிருந்து 1.2க்கு ஏற்றியதும் வரைபடத்தில் காரைக்குடி ஊதிப் பெருத்தது, பக்கத்துச் சிற்றூரான புதுவயலின் கடைத்தெரு பூஜ்யமாயிற்று. ஆனால் அதே வாரம் புதுவயலில் தக்காளி வாங்கக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். தக்காளிக்கு யாரும் பஸ் ஏறமாட்டார்கள். கல்யாணப் பட்டுக்கு ஏறுவார்கள். மளிகைக்கும் காய்கறிக்கும் பீட்டாவை உயர்த்தி, ஜவுளிக்கும் நகைக்கும் தாழ்த்தித் தனித்தனியாக ஓட்டினேன். மளிகை வரைபடத்தில் புதுவயல் மீண்டும் முளைத்தது.