பாட்டாவின் மம்பட்டி வேலை

எங்கள் பாட்டாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் வயல் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைக் கால்வாய்ப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு மம்பட்டி பிடித்தே ஆறு பிள்ளைகளை ஆளாக்கினார். நடவுக்கு முந்தின வேலை என்றால் ஊரில் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். கூலி வேலைதானே என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் எவ்வளவு கணக்கு இருந்தது என்பதை எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு.

ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்து கால்வாயில் தண்ணீர் எட்டியதும் அவர் முதலில் தொடுவது வரப்பு. பழைய வரப்பின் பக்கவாட்டைப் புல்லோடு, வேரோடு செதுக்கி எடுப்பார். புல் மேலேயே சேற்றை அப்பினால் அந்தப் புல் உள்ளே அழுகி, அதே வழியாகத் தண்ணீர் கசியும். செதுக்கிய பிறகு நண்டு வளை தேடுவார். வளையின் வாயை மட்டும் அடைத்தால் ராத்திரியே நண்டு திரும்பத் திறந்துவிடும். அதனால் வளை முடியும் இடம்வரை வெட்டி, குழைத்த களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதிப்பார். அதற்குப் பிறகுதான் சேறு வைத்து அணைப்பது. அதுவும் இரண்டு தடவையாக: முதல் பூச்சு தண்ணீர் வடிந்து இறுகிய பிறகு அடுத்தது. ஒரேயடியாகக் கனமாக வைத்தால் சேறு சரிந்து வயலுக்குள்ளேயே விழும்.

அடுத்தது மரமடி, அதாவது மரத்தை இழுத்துச் சேற்றைச் சமப்படுத்துவது. இதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். உழுத வயலில் மெல்லிசாகத் தண்ணீர் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் வரப்பில் நிற்பார். "தண்ணி சொல்லும் மக்கா, எங்க மேடு எங்க பள்ளம்னு." சேறு தலைகாட்டும் இடம் மேடு. அங்கிருந்து பள்ளத்துக்கு மரத்தை இழுக்க வேண்டும். மேடு விட்டுப்போனால் அங்கே தண்ணீர் நிற்காது, களை முளைக்கும். பள்ளம் விட்டுப்போனால் நாற்று மிதக்கும், வேர் பிடித்த நாற்றும் தூர் கட்டாது, அடியிலிருந்து பக்கக் கிளை விடாது. மூலைகளுக்கு மரம் எட்டாது, அங்கே மம்பட்டிதான்.

அம்பை 16 போல 110 நாள் நெல்லுக்கு நாற்று 20 முதல் 25 நாளுக்குள் வயலுக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் நாற்றங்காலிலேயே வயது ஏறி, வயலில் தூர் குறையும். ஆழமாக ஊன்றினாலும் அதே கேடு. ஓர் அங்குலம் போதும். களையெடுப்பில் அவர் கண்டிப்பாகச் சொல்லித்தந்தது குதிரைவாலிப் புல்லை அடையாளம் காண்பது. கதிர் வரும்வரை அது நெல்லைப் போலவே நிற்கும். இலையும் தண்டும் சேரும் கணுப்பக்கம் விரித்துப் பார்த்தால் நெல்லுக்கு வெள்ளையாக மெல்லிய சவ்வு தெரியும், குதிரைவாலிக்கு அது இருக்காது. பேத்திகளுக்கும் பேரன்களுக்கும் ஒன்றுபோலவே சொல்லித்தந்தார்.

அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே மடையை அடைத்து வயலை வடித்துவிடுவார். கதிர் முழுக்கப் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் அறுக்கும்போதே மணி கொட்டும். மழையும் சேர்ந்தால் சாய்ந்த கதிர் கிடந்த இடத்திலேயே முளைக்கும்.

கூலியாகக் கிடைத்த நெல்லை வீட்டில் எப்படி நீட்டினார் என்பதும் அதே கையின் வேலைதான். நாஞ்சில் நாட்டுக் கணக்கில் ஒரு கோட்டை 21 மரக்கால், இன்றைய எடையில் 87 கிலோ. குத்தினால் மூன்றில் இரண்டு பங்கு அரிசி, ஏறக்குறைய 58 கிலோ. எட்டுப் பேர் வீட்டில் நாளுக்கு இரண்டு கிலோ போட்டால் ஒரு மாதம்கூட முழுசாக வராது. மாசியில் வாங்கின கும்பப்பூப் போகத்துக் கூலியை ஆவணி அறுப்புவரை இழுக்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த பத்தாயம், அதாவது தானியக் குதிர், மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்குதான்.

வீட்டைச் சுற்றிய கரையில் மரச்சீனித் தண்டை ஒரு சாண் கம்பாக வெட்டி, மொட்டு மேலே பார்க்கும்படி மேட்டில் நடுவார். ஒரே நாளில் எல்லாம் நடமாட்டார். சில வாரம் இடைவெளி விட்டு நட்டால் விளைச்சலும் அப்படியே தள்ளித் தள்ளி வரும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை தாங்கும். பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டிய மூடு (செடி) மட்டும்தான் பிடுங்குவார். தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்; கசப்புக் கிழங்கில் விஷம் உண்டு என்பதால் இதில் மட்டும் யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை. பிள்ளைகளுக்கு அரிசிக் கஞ்சி, பெரியவர்களுக்குக் கிழங்கும் மீன்கறியும் என்பதே ஆடி மாத ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் அவர் தனக்கென்று தனிப்பங்கு கேட்டதே கிடையாது. கல்யாணச் செலவுக்குக்கூட அறுவடைக் கூலியின் மேல் முன்பணம் வாங்கவில்லை. வாங்கினால் அடுத்த போகத்தில் கூலி பேச வாய் இருக்காது என்பது அவர் கணக்கு.

இப்போது டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது. ஆனாலும் டிராக்டர் திரும்பும் மூலையில் மேடு அப்படியே நிற்கிறது, நண்டும் வரப்பைத் துளைப்பதை விடவில்லை. வரும் கன்னிப்பூவுக்கு, அதாவது ஆவணியில் அறுக்கும் போகத்துக்கு, தொளி அடித்துச் சேறு கலக்குகிறவர்கள் அந்த நாலு மூலையையும் வரப்பையும் மம்பட்டியால் ஒருமுறை பார்த்துவிட்டு நடவுக்கு ஆள் சொல்லுங்கள்.