லேசிக்குக்கு முன்னாடி எடுத்த ரிப்போட்ட தொலைச்சிடாதீங்க

போன மாசம் அப்பாயிக்கு கண்புரை ஆபரேஷன், உள்ளுக்கு வைக்கிற லென்ஸுக்கு அளவு எடுக்க கண்டிக்கு கூட்டிட்டு போனேன். அளவு எடுத்த அக்கா பேச்சுவாக்குல என்னையும் கேட்டாங்க, நான் கண்ணாடி போடாம இருக்க லேசிக்ங்கிற லேசர் ஆபரேஷன் செஞ்சு நாலு வருசம் ஆச்சுன்னு சொன்னதும் "ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த டொப்போகிராபி ரிப்போட் கையில இருக்கா தம்பி"ன்னாங்க. இல்ல. டொப்போகிராபின்னா கருவிழியோட, அதாவது கண்ணுக்கு முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற பகுதியோட, வளைவ கலர்ல காட்டுற படம்; அத கேட்டு வாங்கணும்னே எனக்கு தெரியாது, கொழும்புல செஞ்ச எடத்துலயும் யாரும் சொல்லல.

எனக்கு ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 5 இருந்திச்சு. கிட்டப்பார்வைக்கு லேசிக் செய்யிறதுன்னா கருவிழியோட நடுப்பகுதிய லேசரால செதுக்கி தட்டையாக்குறதுதான், ஒரு பவருக்கு சுமாரா 12லருந்து 15 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்கும் போகும். ரெண்டு தரம் கொழும்புக்கு போயி ஒருவழியா ரிப்போட்ட வாங்கி, இப்போ எடுத்ததயும் பக்கத்துல வச்சு பாத்தேன். வலது கண்ணு தடிப்பு 548 மைக்ரான் இருந்தது இப்போ 478, வளைவு (எண் கொறைஞ்சா தட்டைன்னு அர்த்தம்) 43.75 இருந்தது 39.75. முந்தின படத்துல நடுவுல மஞ்சளும் பச்சையும், இப்போ நடுவுல ஒரு ரூபா காசு மாதிரி வட்டமா நீலம், அத சுத்தி ஓரத்துல செவப்பு ஏறி நிக்குது; நீலம்னா தட்டை, செவப்புன்னா தூக்கல். பொதுவா கருவிழி நடுவுல தூக்கலாவும் ஓரத்துக்கு போகப்போக தட்டையாவும் இருக்குமாம், எனக்கு அது அப்படியே தலைகீழா மாறியிருக்கு. ராவுல நானுஓயா பக்கம் பனி எறங்குற நேரம் எதுக்க வர்ற லொறி லைட்ட சுத்தி எனக்கு வளையம் தெரியிறது இதனாலதான், இருட்டுல கண்ணு பாப்பா விரியும்போது செதுக்காத ஓரம் வழியாவும் வெளிச்சம் உள்ள வருது.

இப்போ முக்கியமான விசயம். பின்னாடி வயசாகி நமக்கும் கண்புரை வந்தா, கருவிழி வளைவையும் கண்ணோட நீளத்தையும் வச்சுத்தான் லென்ஸ் பவர் கணக்கு போடுவாங்க. லேசிக் செஞ்ச கண்ணுல முன்பக்கம் மட்டும் மாறி பின்பக்கம் பழையபடியே இருக்கறதால வழக்கமான கணக்கு பிசகும், கொறைஞ்ச பவர் லென்ஸ் வச்சு கடைசியில ப்ளஸ் பவர்ல வந்து நிக்கும். புதுக் கணக்கு முறைங்களும் இருக்கு, ஆனா பழைய அளவு கையில இருந்தா டொக்டருக்கு பெரிய ஒத்தாச. கண் அழுத்தம் பாக்கறப்பவும் லேசிக் செஞ்சத கட்டாயம் சொல்லணும், கருவிழி மெலிஞ்சிருந்தா மிசின் அழுத்தத்த கொறைச்சு காட்டிரும்.

இன்னொன்னு, கண்ண கசக்காதீங்க. மெலிஞ்ச கருவிழி அபூர்வமா சில பேருக்கு வருசம் போயி முன்னுக்கு பிதுங்கிடும், கசக்குறது அதுக்கு ஒரு காரணம். வீட்டுல யாருக்காச்சும் கருவிழி கூம்பாகுற வருத்தம் இருந்தா செய்யிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. காண்டாக்ட் லென்ஸ் போடுற ஆளுங்க டொக்டர் சொல்ற நாளுக்கு முன்னாடியே அத கழட்டி வச்சிட்டு அளவு எடுக்க போங்க, லென்ஸே வடிவத்த மாத்தி காட்டும்.

என்னோட ரிப்போட்ட போட்டோ எடுத்து தங்கச்சி போனுக்கும் அனுப்பிட்டேன். தாள அம்மா பொறப்பு சர்டிபிகட் எல்லாம் இருக்கிற பெட்டியில வச்சிருக்காங்க.