முகம் கழுவும்போது தள்ளாடினால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிப் பழகிய கால் இது. விடியாத இருட்டிலும் நிரை தவறாமல் நடந்திருக்கிறேன். ஐம்பது தாண்டியதும், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு சாய ஆரம்பித்தது. தலைசுற்றல் கிடையாது. பிரஷர் என்றார் ஒருவர், வயசு என்றார் இன்னொருவர்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பதிந்தேன். டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்து, "அதிர்வு நின்னதும் சொல்லுங்க" என்றார். அது தொடங்கியதே எனக்குத் தெரியவில்லை! அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, அதே விரலை மெல்ல அசைத்து, மேலா கீழா என்று கேட்டார். குத்துமதிப்பாகத்தான் சொன்னேன்.

நிமிர்ந்து நிற்க மூளை மூன்று இடத்துச் செய்தியைக் கேட்கிறது: கண், உட்காது, தசையும் மூட்டும். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என் கால் நரம்புகளை அரித்திருந்தது. அந்தக் குறையைக் கண்தான் ஈடுகட்டி வந்திருக்கிறது. அதையும் மூடினால் சாயாமல் என்ன செய்யும்? இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் கால் உணர்வைக் கெடுக்கும் என்று ரத்தம் எடுத்தார்கள். குறைவுதான், ஊசி போட்டார்கள்.

பிசியோதெரபிதான் நாள்கணக்கில் இழுத்தது. சிங்க் ஓரத்தைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலும் விரல்நுனியும் தொடக் கோட்டில் நடப்பது. "அங்கிள், நடந்துக்கிட்டே தமிழ் மாசத்தைப் பின்னாலிருந்து சொல்லுங்க" என்றாள் பயிற்சி கொடுத்த பிள்ளை. பங்குனி, மாசி, தை, மார்கழி... அடுத்ததை யோசித்ததும் கால் நின்றுவிட்டது. நடையைக் கவனிக்கவே மூளைக்கு நேரம் சரியாக இருக்கிறதாம். எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில்தான் மூளை நரம்பணுக்களில் பாதிக்கு மேல் இருக்கின்றன என்றும் சொன்னாள். கால் பயிற்சி என்று நினைத்துப் போனால், தலைக்கும் சேர்த்துத்தான் வேலை வைக்கிறார்கள்.

2022இல் வெளியான பிரேசில் ஆய்வில், 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பு அதிகம். ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். நிற்க முடியாதவர்களிடம் இனிப்பு நீரும் அதிகம் என்பதைச் சொல்வதில்லை.

மாதங்களை இப்போது சித்திரை வரை நிற்காமல் சொல்லி நடக்கிறேன். மரத்த பாதம் மரத்தபடியேதான். என்னைப்போல் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு பயிற்சி செய்ய வேண்டாம். முள் குத்தினாலும் தெரியாது. தள்ளாட்டம் திடீரென்று வந்து, வாய் கோணி, பேச்சும் குழறினால், பயிற்சியெல்லாம் அப்புறம், உடனே 999ஐ அழையுங்கள்.